சிவப்பு உறையைத் தலையணைக்கு அடியில் வைக்காதே

டோநான்,
சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம், தேய்பிறை.

அன்பு மகள் பெய்-ரோங்குக்கு அம்மா எழுதுவது.

மாட்ஸு அம்மன் துணையில் இங்கே வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பில் ஒரு குறையும் அண்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் காலையில் ஊதுபத்தி ஏற்றும்போது முதலில் கேட்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அப்பா நலம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற பரிசோதனையில் போன வாரம் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்று சாங்ஹுவா பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அதை மட்டும் அப்படியே உனக்கு எழுதுகிறேன். கழுத்துப் பக்கம் தோல் இன்னும் மரப்பலகை மாதிரிதான் இருக்கிறது, வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது, கஞ்சியெல்லாம் மூக்குக் குழாய் வழியாகத்தான். ஆனால் குறும்பு போகவில்லை. நான் மீனையும் பூசணிக்காயையும் சோற்றோடு அரைத்துக்கொண்டு வந்தால், பத்து டாலர் கடையில் வாங்கிக்கொடுத்த அந்தக் குழந்தைகள் எழுதும் பலகையில் "இன்னைக்கும் சிமெண்டா?" என்று எழுதிக் காட்டுவார். முப்பது வருஷம் லாரியில் சிமெண்டும் முட்டைக்கோசும் ஏற்றின மனுஷர் அல்லவா.

இந்தப் பார்சலில் காய்ந்த முள்ளங்கி இரண்டு பொட்டலம், வேர்க்கடலை மிட்டாய், கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கிற குட்டி பிரஷ் பத்துப் பெட்டி வைத்திருக்கிறேன். அந்த பிரஷ் அங்கே என்ன விலை என்று நீ ஒருமுறை சொன்னதிலிருந்து இங்கே தள்ளுபடி போடும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்தது. பச்சைக் காலுறையை மட்டும் உடனே போட்டுக்கொள்ளாதே, உள்ளே கையை விட்டுப் பார். அது என்ன, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் கடிதத்தை முழுதாகப் படி. போனில் சொல்ல எத்தனையோ முறை முயன்றேன், நான் வாயெடுத்தால் நீ "தெரியும்மா, தெரியும்மா" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், மிச்சமெல்லாம் உன் பழைய புத்தகங்களைப் பார்த்து நானாகப் படித்ததுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோமே, அதிலிருந்து தொடங்குகிறேன். நீதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், "கடைசிப் பல்லுக்குப் பக்கத்துல ஈறு தடிச்சிருக்கும்மா, கோடையிலேர்ந்தே இருக்கு, பல் தேய்ச்சா ரத்தம் வருது, வலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று. அங்கே ஒரு டாக்டரைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "இங்க போய் வாயைத் தொறந்தாலே படம் எடுக்க, பாக்க, சுத்தம் பண்ண எல்லாம் சேத்து முந்நூறு டாலர் ஆகும். ஆபீஸ்ல பல்லுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. டிக்கெட்டுக்குச் சேத்துட்டு இருக்கேன், புத்தாண்டுக்கு வரும்போது நம்ம ஊர் பல் டாக்டர் ஷூகிட்ட காட்டிக்கிறேன்" என்றாய். நானும் தலையை ஆட்டினேன், கணக்குச் சரியாகத்தானே இருந்தது. அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பலகையை எடுத்து ஏதோ எழுதி போனுக்கு முன்னால் நீட்டினார். "வாயைத் திற" என்று எழுதியிருந்தார். நீ சிரித்தாய். "என்னப்பா, லாரிய வித்துட்டுப் பல் டாக்டர் ஆயிட்டீங்களா?" என்றாய். அவர் அதையே அழித்து இன்னும் பெரிதாக எழுதிக் காட்டினார். நீ போனைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே அணிலைக் காட்டினாய். அணில் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று வைத்துவிட்டாய்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் விளையாடுகிறார் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் நீ போனை வைத்த பிறகு அவர் அந்தப் பலகையை மடியிலிருந்து இறக்கவில்லை. வழக்கமாக ஒன்றை எழுதிக் காட்டினால் உடனே அழித்துவிடுவார், அடுத்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா, அவருக்கு வாய் அதுதானே. அன்றைக்கு அழிக்கவில்லை. சாயங்காலம் கஞ்சி ஊற்றப் போனால் குழாயைக் கையால் பொத்திக்கொண்டார். "பசிக்கலையா, வயித்த வலிக்குதா, என்னன்னு எழுதுங்களேன்" என்று கேட்டேன். பலகையைத் தூக்கி எனக்குக் காட்டினார், அதே இரண்டு சொல். உன் ஈறுத் தடிப்பைப் பற்றியா சொல்கிறார் என்று நான் கேட்டதும் ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார். "நாளைக்கே ஷூ டாக்டர்கிட்ட போய்க் கேட்டுட்டு வரேன்" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

மறுநாள் காலையில் க்ளினிக்குக்குப் போனேன். எப்படியும் உனக்குப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் இடம் பிடிக்க வேண்டியிருந்தது, ஊரே அந்த வாரத்தில்தான் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு விருந்துக்கு உட்காருகிறது, இப்போதே சொல்லாவிட்டால் கிடைக்காது. கவுண்டரில் ஆ-மான் இருந்தாள், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து உனக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள்தான், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. "அமெரிக்காக்காரி வராளா? எந்த நாள் வேணும்னு சொல்லுங்கக்கா, போன தடவ மாதிரி வரிசைல யாராவது முணுமுணுத்தா நான் பாத்துக்கிறேன்" என்றாள். உனக்கு நினைவிருக்கிறதா, போன புத்தாண்டுக்கு வந்தபோது பக்கத்தில் காத்திருந்த ஒருத்தி, "வரி கட்றது ஒரு நாட்டுல, பல்லு வெளக்குறது நம்ம காசுல" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள், நான் கைப்பையிலிருந்து உன் பெயரில் அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக்கு மாதாமாதம் எண்ணூற்றுச் சொச்சம் கட்டின ரசீதுகளை எடுத்து அவள் மடியில் பரப்பினேன். நீ வெட்கத்தில் செத்துவிட்டேன் என்றாய். எனக்கு வெட்கமே இல்லை. உன் ஆரோக்கிய அட்டை உயிரோடு இருக்க ஒரு மாதம் தவறாமல் கட்டுகிறவள் நான்.

ஆ-மான் உன் பெயரை எழுதிவிட்டாள். அதற்குள் ஷூ டாக்டரம்மா ஒருவரை முடித்துவிட்டுக் கை கழுவ வெளியே வந்தாள். நான் உன் ஈறைப் பற்றி, எட்டு மாதமாகச் சுத்தம் செய்யாததைப் பற்றி, ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன், புத்தாண்டுக்கு வருகிறாள், அப்போது கொஞ்சம் கவனமாகப் பாருங்கள் என்றேன். அவள் கையைத் துடைக்காமல் நின்றாள். "எந்தப் புத்தாண்டும்மா? இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு" என்றாள். பிறகு, "பாக்கு போடுவாளா?" என்று கேட்டாள். தொட்டதே இல்லை என்றேன். "சிகரெட்?" அதுவும் இல்லை. "அப்ப நீங்க பயந்து நடுங்க வேண்டாம். பத்துல ஒம்போது பேருக்கு அது வெறும் காரைதான், பல்லுல ஒட்டின கல்லு. சொரண்டி எடுத்துச் சுத்தம் பண்ணினா ரெண்டு வாரத்துல தடிப்பு வத்திடும். வத்தலைன்னாதான் அடுத்த யோசனை. ஆனா சுத்தம் பண்ணாம அது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, போன்ல என்னாலயும் முடியாது. இந்த வாரமே அங்க போகச் சொல்லுங்க" என்றாள். நான் முந்நூறு டாலரைச் சொன்னேன். இங்கே பதிவுக்கு நூற்றைம்பதும் மேலே ஐம்பதும், அதுவும் நம் டாலரில், அங்கத்து டாலருக்கு மாற்றினால் ஆறோ ஏழோதான். அதை அவளுக்கே சொன்னேன் என்றால் பார்த்துக்கொள். அவள் கோபிக்கவில்லை. குரலை இறக்கி, "அய்யாவும் வலி இல்லன்னுதாம்மா சொன்னாரு" என்றாள். கவுண்டரில் ஆ-மான் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரோங், இப்போது நான் எழுதப் போவது உனக்குத் தெரியாதது. அப்பாவுக்கு வந்தது தாமதமாகத் தெரிந்தது என்றுதான் உனக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். தாமதமாகத் தெரியவில்லை. பட்டாணி அளவு இருக்கும்போதே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நேற்று நான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தபோது அவரே எழுந்து வந்து பேனா மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்து, தன் கன்னத்தைத் தொட்டு, காகிதத்தைத் தொட்டு, தலையை ஆட்டினார். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆறாம் மாதம், நல்ல வெயில், நான்தான் அவரைப் பல் சுத்தம் செய்ய இழுத்துக்கொண்டு போனேன். "எரநூறு குடுத்துத் திட்டு வாங்கிட்டு வரணுமா, நீ வேணா வீட்லயே சும்மா திட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா முப்பது வருஷத்துச் சிவப்புக் காரையைச் சுரண்டி எடுத்தாள். எடுத்த பிறகு அதற்குப் பின்னால் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. அவளுக்கு முகம் மாறியது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். "ஒரு கிள்ளு எடுத்துப் பாப்பாங்க அய்யா, அவ்வளவுதான். பாக்கு போடறவங்களுக்கு இந்தச் சோதனைக்கே காசு கெடையாது. அடுத்த வாரம் போயிடுங்க" என்றாள். அவர் சீட்டை மடித்து லாரியில் தலைக்கு மேல் இருக்கிற வெயில் தடுப்பில் செருகினார். செருகிவிட்டு அங்கேயே ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டார்.

அடுத்த வாரம் ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. அவருக்கு அது போதும். "ஆவியெல்லாம் கதவு தொறந்து தெருவுல அலையற மாசம். இந்த மாசத்துல எவனாவது கத்திக்குக் கீழ வாயக் குடுப்பானா?" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னோடு கோயிலுக்கு வந்தால் வாசலில் லாரி டயரைத் தட்டிக்கொண்டு நிற்கிற மனுஷர். "உங்களுக்கு எப்பலேர்ந்து ஆவிங்க மேல இவ்வளவு மரியாதை?" என்று கேட்டேன். "வயசாகுதுல்ல, நாளைக்கு நானும் அங்கதான போகணும், முன்கூட்டியே பழகி வெச்சுக்கறேன்" என்றார். ஊரில் அந்த மாதம் யாரும் உடம்பைக் கிழித்துக்கொள்வதில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலே பாதி காலியாகக் கிடக்கும், அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் நோய்க்கு அந்த மாதம் இந்த மாதம் என்று இல்லை, அம்மனும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு கிள்ளு கத்தி ஆகாது என்றேன். கேட்கவில்லை. கடைசியில், "சரி, அம்மன்கிட்டயே கேப்போம், அவ சொன்னா போறேன்" என்று என்னோடு கோயிலுக்கு வந்தார்.

அவருக்குக் கட்டை போடவே தெரியாது. நான்தான் இரண்டு பிறைக்கட்டையையும் கையில் வைத்து, பெயர் சொல்லி, ஊர் சொல்லி, என்ன கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் கேட்டது இதுதான்: "ஏழாம் மாசம் போகட்டும், அப்புறமா நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" போட்டார். இரண்டு கட்டையும் தட்டைப் பக்கம் மேலே பார்த்து விழுந்தன. ஒன்று மேலே ஒன்று கீழே விழுந்தால்தான் சரி என்று அர்த்தம், இரண்டும் மேலே பார்த்தால் அம்மன் சிரிக்கிறாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, அம்மனே சிரிக்கிறா. அப்புறம் என்ன?" என்றார். "உங்களப் பாத்துத்தான் சிரிக்கிறா. பதில் தெரிஞ்சுக்கிட்டே கேக்க வந்திருக்கியேன்னு சிரிக்கிறா. மறுபடி போடுங்க" என்றேன். "சாமி சிரிச்சதுக்கப்புறம் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று கட்டைகளைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மன் அன்றைக்குச் சிரித்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஏழாம் மாதம் போனது. பிறகு நிலாப் பண்டிகைக்குப் பம்பளிமாஸ் லோடு, பிறகு முட்டைக்கோசு லோடு, பிறகு சீட்டு எங்கேயோ பறந்துவிட்டது, பிறகு புத்தாண்டு முடியட்டும், பிள்ளை வருகிற நேரத்தில் வீட்டில் இந்தப் பேச்சு வேண்டாம் என்றார். நீ வந்தாய். அந்த வருஷம் உன்னை ஸ்கூட்டரில் ஷூ க்ளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று நினைத்துப் பார். நீ உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாய், அவர் உள்ளே வந்தால் டாக்டரம்மா கேட்பாள் என்று எதிரே பாக்குக் கடைப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். அப்போதே அது கன்னத்துக்குள் கொட்டைப்பாக்கு அளவு ஆகியிருந்தது. விருந்தில் வாத்துக் கறியைத் தொடாமல் டோஃபுவை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டார், நீகூட, "அப்பா இப்பல்லாம் துறவி மாதிரி சாப்பிடறாரு" என்று கேலி செய்தாய். நீ போன அடுத்த மாதம் வாய் திறக்க முடியாமல் போயிற்று. மிச்சம் உனக்குத் தெரியும். தாடையில் பாதியை எடுத்தார்கள், காலெலும்பை அறுத்து அந்த இடத்தில் வைத்தார்கள், இப்போது நடை சாய்வது அதனால்தான். கிள்ளிப் பார்த்திருந்தால் கன்னத்தில் நகக்கண் அளவு சதை போயிருக்கும்.

நம் கணக்குக்கு வருகிறேன். நீ போன முதல் வருஷத்திலிருந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து போடுகிற கணக்கு. அங்கே பல் சுத்தம் இரண்டு முறை, ஒரு அடைப்பு, முடிந்தால் ஒரு மூடி, எல்லாவற்றையும் கூட்டி, இங்கே ஆகிற செலவைக் கழித்தால், விமான டிக்கெட் ஏறக்குறைய வந்துவிடும், ஊருக்கு வந்துபோவது இலவசம். ஒவ்வொரு வருஷமும் விமான நிலையத்திலிருந்து வருகிற வழியில் இதை நீ சொல்ல, நான் சரிபார்க்க, அப்பா முன்னால் ஓட்டிக்கொண்டே, "அம்மாவும் பொண்ணும் சேந்து விமானக் கம்பெனிய ஏமாத்திட்டாங்க" என்று சிரிப்பார். அக்கம்பக்கத்தில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இதே கணக்குத்தான், புத்தாண்டு வந்தால் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதைவிடப் பற்கள் வருகின்றன என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், மறைக்கவில்லை. உனக்கு அங்கே கிடைக்காத ஒன்று இங்கே இருநூறுக்குக் கிடைக்கிறது, அதற்காகவாவது வருஷம் தவறாமல் வருவாய் என்று. அந்தக் கணக்கு இந்த வருஷமும் தப்பில்லை, நான் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் மூன்று மாதம் என்கிற ஒன்றை அதில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா ஆறாம் மாதத்திலிருந்து புத்தாண்டு வரை தள்ளினார், நீ கோடையிலிருந்து புத்தாண்டு வரை தள்ளுகிறாய். அவர் ஆவிகளைச் சொன்னார், நீ டாலரைச் சொல்கிறாய். உன்னுடையது வெறும் காரையாகத்தான் இருக்கும், நான் அப்படித்தான் நம்புகிறேன், அப்படித்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் ஒருவர் வாயைப் பார்க்காமல் அதை நான் நம்பிக்கொண்டு இருக்க முடியாது, இன்னொரு முறை முடியாது.

பச்சைக் காலுறைக்குள் ஒரு சிவப்பு உறை இருக்கும். புத்தாண்டுக்குப் பணம் வைத்துத் தருகிற உன் உறைதான். ஒன்பதாம் மாதத்தில் யாராவது சிவப்பு உறை கொடுப்பார்களா என்று நீ சிரிப்பாய், நானும் உறையை வாங்கக் கடைக்குப் போனபோது கடைக்காரி, "என்னக்கா, யாருக்குக் கல்யாணம்?" என்றுதான் கேட்டாள். அதில் அறுநூறு அமெரிக்க டாலர் இருக்கிறது. பார்சலில் பணம் வைக்கக் கூடாது என்று தபால் ஆபீஸில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது, படித்தேன், வைத்தேன். வேறு எந்த வழியில் அனுப்பினாலும் நீ அதைத் தொடாமல் டிக்கெட்டோடு சேர்த்துவிடுவாய். அப்பா உயிரோடு எழுந்து வந்ததற்கு அம்மனுக்குத் தங்கப் பதக்கம் சாத்துவதாக நேர்ந்துகொண்டிருந்தேன் அல்லவா, அதற்குக் காய்கறிக் காசில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. முந்தாநாள் கோயிலுக்குப் போனேன். கட்டை போடவில்லை. அவளிடம் கேட்கவில்லை, இந்தப் பணம் பிள்ளைக்குப் போகிறது, பதக்கம் பிறகு வரும் என்று சொல்லிவிட்டு மட்டும் வந்தேன். அவள் சிரித்தாளா இல்லையா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வழக்கம்போல ராசிக்கு என்று இந்த உறையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காதே. கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. நாற்காலியில் உட்காருவதற்கு முன் என்னென்ன செய்யப் போகிறார்கள், எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல், உனக்கு வேண்டாததைச் சேர்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதே. பல் வைத்தியம் படிக்கிற கல்லூரிகளில் பிள்ளைகளை வைத்துப் பாதி விலைக்குச் சுத்தம் செய்வார்கள், மேலே ஒரு வாத்தியார் நின்று பார்ப்பார் என்று ஆ-மான் சொன்னாள், அவள் தங்கை மகன் அங்கே அப்படித்தான் செய்துகொள்கிறானாம். நேரம் அதிகம் எடுக்கும், பொறுத்துக்கொள், ஆனால் அங்கே இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றால் அது வேண்டாம், விலை அதிகமானாலும் சீக்கிரம் பார்க்கிற இடத்துக்குப் போ. பல்லை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு அனுப்ப விடாதே. கன்னத்தின் உள்பக்கம், நாக்குக்கு அடியில், கடைசிப் பல்லுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள், என் அப்பாவுக்கு இப்படி வந்தது என்று நீயே வாயைத் திறந்து சொல். சொன்னால்தான் பார்ப்பார்கள். சுத்தம் செய்து இரண்டு வாரம் கழித்துத் தடிப்பு வற்றிவிட்டதா என்று மறுபடி காட்டு, டாக்டரம்மா அதை இரண்டு முறை சொன்னாள். இந்தப் பணம் போதவில்லை என்றால் டிக்கெட் பணத்தில் எடு. டிக்கெட்டுக்கு வைத்ததைத் தொடக் கூடாது என்று மனதில் ஒன்று வைத்திருப்பாய், அதை நான் எடுத்துவிடுகிறேன். இந்த வருஷம் வர வேண்டாம்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். வர வேண்டாம் என்றால் வரவே வேண்டாம் என்று இல்லை. இரண்டு வாரம் கழித்து உன் ஈறு வற்றி, கையில் பணமும் மிஞ்சினால் வா, சொல்லாமல்கூட வா, கதவு திறந்துதான் இருக்கும். அப்பாவைப் பார்க்க வா. ஆனால் பல்லைத் தூக்கிக்கொண்டு இங்கே வராதே. இன்று காலையில் க்ளினிக்குக்குப் போய் உன் பெயரை அடித்துவிடச் சொன்னேன். ஆ-மான் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "வரலையாக்கா? ஒருவேளை வந்துட்டா? பென்சில்ல லேசா எழுதி வெச்சுடறேனே, யாருக்கும் தெரியாது" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே உன் பெயர் பென்சிலில் இருந்தாலும் நீ காத்திருப்பாய், நானும் காத்திருப்பேன். "பேனாவாலேயே அடிச்சிடு" என்றேன். அவள் அடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மற்றபடி இங்கே ஒன்றும் குறைவில்லை. காற்று குளிர ஆரம்பித்துவிட்டது, அங்கே இன்னும் அதிகமாக இருக்கும், தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள், இரவில் சூப்பாவது வைத்துக் குடி, ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே. முள்ளங்கியை இரண்டு மணி நேரம் ஊறவைத்துவிட்டு முட்டையோடு வதக்கு, ஊறவைக்காவிட்டால் உப்புக் கரிக்கும். மாட்ஸு அம்மன் உன் முன்னாலும் பின்னாலும் நடந்து வரட்டும், நீ போகிற டாக்டரின் கையிலும் கண்ணிலும் அவள் இருக்கட்டும், உன் வாயில் இருப்பது வெறும் கல்லாக மட்டும் இருக்கட்டும். பார்சல் கிடைத்ததும் கிடைத்தது என்று மட்டும் போன் செய்யாதே. போய்விட்டு வந்தேன் என்று செய்.

உன் அம்மா,
சாய் சூ-யுவே

பின்குறிப்பு: அப்பாவும் ஒரு வரி எழுதட்டும் என்று காகிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை. பலகையைச் சுட்டிக் காட்டிவிட்டார். அந்த இரண்டு சொல்லும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படியே இருக்கின்றன. பசி, தாகம், கழிப்பறை எல்லாவற்றையும் இப்போது கையாலேயே காட்டுகிறார், நானும் பாதியைத்தான் புரிந்துகொள்கிறேன், கஞ்சியைக் கேலி செய்வதும் நின்றுவிட்டது. நீ போய்விட்டு வந்தேன் என்று சொல்கிற வரை அதை அழிக்க மாட்டார் போல.